இருண்டதெல்லாம் பேய் அல்ல

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் எனக்கு இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, குடும்பத்தாரும் வருகிறார்கள், ஆகவே தமிழில் பேச வேண்டும். இரண்டு, சாப்பாட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டாவது நிபந்தனையை நான் மீறினால் உங்கள் பசியே என்னை மேடையிலிருந்து இறக்கிவிடும் என்பதால் அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முதல் நிபந்தனைதான் கொஞ்சம் கஷ்டம். மைக்ராஸ்கோப்போடு காலம் கழித்த பேத்தாலஜிக்காரனுக்கு நோயாளியோடு பேசிப் பழக்கம் குறைவு. ஆனாலும் முயற்சி செய்கிறேன்.

என் தலைப்பு, சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஏற்படும் கறுப்பு. மருத்துவப் பெயர் மெலனோசிஸ். "சர்க்கரை இருக்கு, ரத்த அழுத்தம் இருக்கு, அதையெல்லாம் விட்டுவிட்டு வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்க்கப் போகாத விஷயத்தை எதற்கு எடுத்தீர்கள்?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. உலக மருத்துவ இதழ்களில் பதிவானவற்றை விரல்விட்டு எண்ணலாம். பக்கத்தில் இருப்பவர் கைகளையும் கொஞ்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அபூர்வமான ஒன்றை எதிர்பாராமல் சந்திக்கும்போதுதான் நம்முடைய பழக்கவழக்கங்கள் சோதனைக்கு வருகின்றன. தெரிந்த நோய் என்றால் பழக்கத்தில் கை தானாக ஓடும். தெரியாதது வந்தால்தான், யோசிக்கிறவனா, பதறுகிறவனா என்பது வெளியே தெரியும்.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கு உரைதான்.

உள்ளே எப்படிப் பார்க்கிறோம்?

முதலில் டாக்டர் அல்லாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். சிறுநீர்ப்பை என்பது அடிவயிற்றில் உள்ள தசைப்பை. சுமார் 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை சிறுநீரைத் தாங்கும். அதன் உள்பக்கத்தில் யூரோதீலியம் என்ற மெல்லிய உறை இருக்கிறது. பை நிரம்பும்போது அது விரிந்து மெலிந்துகொடுக்கும், காலியானதும் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். வெளிச்சம் போட்டுப் பார்த்தால் ஆரோக்கியமான உட்சுவர் வெளிர் ரோஜா நிறத்தில், தலைமுடி போன்ற மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓட, பளபளவென்று இருக்கும்.

அப்படி வெளிச்சம் போட்டுப் பார்ப்பதற்கு மனிதன் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜெர்மனியில் பிலிப் பொசினி என்ற மருத்துவர் 1806-இல் மெழுகுவத்தி வெளிச்சத்தைக் குழாய் வழியாக உடம்புக்குள் செலுத்திப் பார்க்கும் கருவியைச் செய்தார். மாக்சிமிலியன் நிட்சே 1877-இல் டிரெஸ்டன் நகரில் சிஸ்டோஸ்கோப்பைச் செய்து காட்டினார். அதில் விளக்கு எது தெரியுமா? மின்சாரத்தில் கனன்று ஒளிரும் பிளாட்டினக் கம்பி! அது சுட்டுவிடாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எடிசனின் மின்விளக்கு வந்து, அதையே மிகச் சிறியதாகச் செய்யக் கற்ற பிறகுதான் கருவி சுலபமாயிற்று. 1950-களின் கடைசியில் இங்கிலாந்தில் ஹெரால்டு ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டு லென்ஸ் முறையை வகுத்த பின்பு படம் தெளிவாகியது. இன்று வீடியோத் திரையில் பெரிதாகப் பார்க்கிறோம்.

கருவி தெளிவானதில் ஒரு சங்கடமும் உண்டு. முன்பு கண்ணில் படாததெல்லாம் இப்போது படுகிறது. பார்த்துவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்

இனி நான் சொல்லப்போகும் பெரியவர் உண்மையான ஆள் அல்ல. மாணவர்களுக்குப் புரிவதற்காக நான் உருவாக்கிக்கொண்டவர். வயது அறுபதைத் தாண்டியவர். இரவில் நான்கைந்து தடவை எழுந்து சிறுநீர் கழிக்கப் போகிறார். ஒருநாள் சிறுநீரில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. மகன் அழைத்து வந்தான். சிறுநீரகவியல் நிபுணர் சிஸ்டோஸ்கோப் போட்டுப் பார்க்கிறார். உள்ளே கறுப்பு வெல்வெட் துணியைத் துண்டு துண்டாகக் கத்தரித்து ஒட்டியதுபோல அங்கங்கே திட்டுக்கள். கட்டியாக எழும்பி இல்லை. சுவரோடு சுவராகத் தட்டையாக இருக்கிறது.

வெளியே மகன் காத்திருக்கிறான். "அப்பாவுக்கு என்ன சார்?" என்று கேட்கிறான்.

இந்த ஒரு கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். "உள்ளே கறுப்பாக இருக்கிறது, புற்றுநோயாகத்தான் இருக்கும்" என்பது ஒன்று. "ஒன்றுமில்லை, மச்சம் மாதிரி ஏதோ" என்பது இன்னொன்று. "கறுப்பாகச் சில இடங்கள் தெரிகின்றன. பார்வையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. சின்னத் துணுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறேன், அது சொல்லட்டும்" என்பது மூன்றாவது. முதல் இரண்டு பதில்களும் ஊகம். மூன்றாவது பதில்தான் மருத்துவம்.

முதல் பதிலின் விலை என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். சிறுநீர்ப்பையில் உண்மையான மெலனோமாவோ ஆழமாகப் பரவிய புற்றோ இருந்தால் பையையே முழுவதுமாக எடுக்க நேரிடலாம். ஆண்களுக்குப் பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பியும் சேர்ந்து போய்விடும். சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, அதன் வழியாகச் சிறுநீரை வயிற்றில் ஒரு துவாரத்துக்குக் கொண்டுவந்து, அங்கே பை கட்டிக்கொண்டு மீதி நாளைக் கழிக்க வேண்டும். புற்றுக்கு அது உயிர் காக்கும் சிகிச்சை; சந்தேகமில்லை. வெறும் நிறத்துக்கு அந்தச் சிகிச்சையா? அப்பேர்ப்பட்ட ஆபரேஷன் வரை போகாவிட்டாலும், 'புற்று' என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதைத் திரும்ப வெளியேற்றுவது லேசான காரியமா? நிலத்தை விற்பார்கள், பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார்கள். பிறகு நாம் போய் "பயப்பட வேண்டாம்" என்றால் யார் நம்புவார்கள்?

இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது?

மெலனின் என்பது நம் தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் பொருள். கிரேக்க மொழியில் 'மெலாஸ்' என்றால் கறுப்பு. அதைத் தயாரிக்கும் செல்களுக்கு மெலனோசைட் என்று பெயர். கருவில் நரம்பு மண்டலம் உருவாகும்போது அதன் விளிம்பில் நரம்பு முகடு என்ற பகுதி தோன்றுகிறது. 1868-இல் வில்ஹெல்ம் ஹிஸ் அதை முதன்முதலாக விவரித்தார். மெலனோசைட்டின் மூதாதைகள் அங்கிருந்து கிளம்பி உடம்பு முழுவதும் நடந்து போய்க் குடியேறுகின்றன. தோலில் நிறையக் குடியேறும். வாயிலும் கண்வெண்படலத்திலும் கொஞ்சம் குடியேறும். நம்மில் எத்தனையோ பேருக்கு ஈறு கறுப்பாக இருக்கிறதே, அது நோய் அல்ல, இந்தக் குடியேற்றத்தின் அடையாளம்தான்.

சிறுநீர்ப்பையின் உட்சுவரில் சாதாரணமாக மெலனோசைட்டுகளைப் பார்க்க முடியாது. பிறகு மெலனின் மட்டும் எப்படி வந்தது? இங்கே விஞ்ஞானிகள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நரம்பு முகட்டிலிருந்து கிளம்பிய செல்கள் சில வழி தவறிச் சிறுநீர்ப்பைக்கு வந்து தங்கியிருக்கலாம் என்பது ஒரு கட்சி. சிறுநீர்ப்பையின் மூல செல்களே ஏதோ காரணத்தால் மெலனின் தயாரிக்கும் திறமையைப் பெற்றிருக்கலாம் என்பது மறு கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை. பதிவான நோயாளிகளின் எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருக்கும்போது தீர்ப்பு சீக்கிரம் வருவதும் கஷ்டம்.

மைக்ராஸ்கோப்பில் தெரிவதை மட்டும் சொல்கிறேன். யூரோதீலியம் செல்களுக்குள் பழுப்புப் பொடி தூவியது போலத் துகள்கள் இருக்கும். அதற்கு அடியில் உள்ள திசுவில், குப்பை பொறுக்கும் மேக்ரோபேஜ் செல்கள் அதே துகள்களை விழுங்கி வைத்திருக்கும். ஆனால் செல்லின் வடிவம் ஒழுங்காக இருக்கும். கருவின் அளவும் ஒழுங்காக இருக்கும். அடுக்கு கலையாது. புற்றில் நாம் பார்க்கிற கொந்தளிப்பு எதுவும் இராது. வீட்டுச் சுவரில் புகை படிந்திருக்கிறது, ஆனால் செங்கல் ஒன்றுகூட இடம்பெயரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர்ப்பை உட்சுவரிலும் புராஸ்டேட்டிலும் பல இடங்களில் இப்படிப்பட்ட நிறமி இருந்த ஒரு நோயாளியைப் பற்றி 1986-இல் அமெரிக்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன்பின் உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஒன்று இரண்டாகப் பதிவுகள் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள், ஆண்களும் உண்டு பெண்களும் உண்டு. பலருக்கும் வேறு காரணத்துக்காகப் பார்த்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டதே. இந்த நிறமிக்கென்று தனியாக ஒரு வலியோ எரிச்சலோ கிடையாது. சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற சமாசாரமும் அல்ல.

பழுப்பெல்லாம் மெலனின் ஆகுமா?

தம்பி தங்கைகளே, பரீட்சைக்கும் உதவும், பிழைப்புக்கும் உதவும், இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஸ்லைடில் பழுப்பைக் கண்டால் உடனே பெயர் சூட்டிவிடாதீர்கள். வரிசையாக நான்கு சந்தேகம் வர வேண்டும்.

முதல் சந்தேகம், பழைய ரத்தம். எங்கோ கசிந்த ரத்தம் சிதைந்து இரும்புச் சத்து ஹீமோசிடரினாகத் தங்கிவிடும். 1867-இல் மாக்ஸ் பெர்ல்ஸ் கொண்டுவந்த சாயத்தைப் போட்டால் இரும்பு நல்ல நீலமாக மாறும். மெலனின் மாறாது. இன்றும் மிகக் குறைந்த செலவில் ஆகிற சோதனை இது.

இரண்டாவது, லிபோஃபுஸ்சின். செல் முதுமையடையும்போது சேரும் கழிவு நிறமி. பி.ஏ.எஸ். சாயத்தில் இது செவ்வண்ணம் காட்டும், மெலனின் காட்டாது.

மூன்றாவது, நாமே உண்டாக்குகிற கறுப்பு. பழைய, அமிலம் ஏறிய ஃபார்மலினில் ரத்தம் கலந்த திசுவைப் போட்டு வைத்தால் ஃபார்மலின் நிறமி என்று ஒரு பழுப்புத் துகள் விழும். அது நோயாளியின் உடம்பில் இருந்தது அல்ல, நம் பாட்டிலில் பிறந்தது. துருவ ஒளியில் வைத்தால் மின்னும். பிக்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் கழுவினால் போய்விடும். ஒழுங்காகத் தயாரித்த நடுநிலை ஃபார்மலினைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை. லேபில் ஃபார்மலின் கலக்குகிற தொழிலாளி எவ்வளவு முக்கியமானவர் என்பது இதிலிருந்து தெரியும்.

நான்காவதுதான் மெலனின். அதற்கு ஃபோன்டானா-மாசன் சாயம். இத்தாலியரான ஃபோன்டானா 1912-இல் வேறொரு வேலைக்காக, நுண்கிருமியைப் பார்ப்பதற்காக, இந்த வெள்ளி முறையைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரரான பியர் மாசன் 1914-இல் அதைத் திசுக்களுக்குப் பொருத்தினார். வெள்ளி உப்பை மெலனின் உலோக வெள்ளியாக மாற்றிவிடும். துகள் கன்னங்கரேலென்று தெரியும். ஃபிலிம் போட்டுப் படம் எடுத்த காலத்து ஸ்டூடியோக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே படத்தைக் கறுக்க வைத்ததும் அதே வெள்ளிதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: லிபோஃபுஸ்சினும் இந்தச் சாயத்தில் ஓரளவு கறுக்கும். அதனால் இன்னொரு ஸ்லைடில் நிறத்தை வெளுக்க வைத்துப் பார்க்க வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் ஆக்ஸாலிக் அமிலமும் போட்டால் மெலனின் வெளுத்துப்போகும். இரும்பு அப்படி வெளுக்காது. வெளுத்த பிறகு இன்னொரு லாபமும் உண்டு. பழுப்புக்குப் பின்னால் மறைந்திருந்த செல்லின் கரு தெளிவாகத் தெரியும். அது நல்ல கருவா, கெட்ட கருவா என்று அப்போதுதான் தைரியமாகச் சொல்ல முடியும்.

மெலனின் என்று உறுதியானதும் வேலை முடிந்ததா? இல்லை. அதைச் சுமக்கிற செல் யார் என்று கேட்க வேண்டும். எஸ்-100, எச்.எம்.பி-45, மெலன்-ஏ முதலிய சோதனைகள் மெலனோசைட் வம்சத்தைக் காட்டிக்கொடுக்கும். மெலனோசிஸில் துகளைச் சுமப்பவை யூரோதீலியம் செல்கள். அவை கெரட்டின் சோதனையில் தங்கள் குலத்தைச் சொல்லிவிடும். கெட்ட தோற்றமுள்ள மெலனோசைட்டுகள் கூட்டமாக நின்றால் அது வேறு கதை, அது மெலனோமா.

திருநெல்வேலி இலையின் கதை

நிறத்துக்குப் பெயர் வைப்பதில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பதற்கு நம் ஊரோடு சம்பந்தப்பட்ட ஒரு உதாரணம். பெருங்குடலின் உட்சுவர் கறுத்துப்போவதை 1829-இல் பாரிஸைச் சேர்ந்த குருவேயே விவரித்தார். 1857-இல் விர்ச்சோ, 'மெலனோசிஸ் கோலை' என்று பெயரிட்டார். பெயரைக் கேட்டால் மெலனின் என்றுதானே தோன்றும்? பிற்காலத்தில் ஆராய்ந்தால் அதில் இருப்பது மெலனின் அல்ல, லிபோஃபுஸ்சின் வகை! பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டுவிட்டது.

காரணம் என்ன தெரியுமா? மலச்சிக்கலுக்காக மாதக்கணக்கில் சாப்பிடும் சில பேதி மருந்துகள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற நிலாவரை, கற்றாழையிலிருந்து எடுக்கும் மூசாம்பரம் ஆகியவற்றில் ஆந்த்ராக்வினோன் என்ற பொருள் இருக்கிறது. அது குடல் செல்களை மடியச் செய்கிறது. மடிந்ததை மேக்ரோபேஜ்கள் விழுங்கிக் கறுக்கின்றன. நிலாவரையை உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்றே அழைப்பார்கள்; திருநெல்வேலிச் சீமையில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய சரக்கு. ஆக, எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவருடைய குடல் கறுத்ததற்கு நம் செம்மண் காட்டு இலையும் காரணமாக இருந்திருக்கலாம்! மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் நிறம் தானே மறைந்துவிடும். புற்றாக மாறுவதும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் நிலாவரைக்கும் சிறுநீர்ப்பைக்கும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு சம்பந்தம் காட்டப்படவில்லை. ஒரே நிறம், ஒரே மாதிரிப் பெயர், ஆனால் குடலில் ஒரு பொருள், சிறுநீர்ப்பையில் வேறொரு பொருள். பெயரை நம்பாதே, பொருளைச் சோதித்துப் பார் என்பதற்காகத்தான் சொன்னேன்.

நல்லது என்றால் மறந்துவிடலாமா?

இப்போது நாணயத்தின் மறுபக்கம். மெலனோசிஸ் தீங்கற்றது என்று சொன்னேன். அப்படியானால் "போய் வாருங்கள்" என்று அனுப்பிவிடலாமா? கூடாது என்பதற்கு மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று, பதிவான நோயாளிகளில் சிலருக்கு இந்தக் கறுப்போடு கூடவே சாதாரணச் சிறுநீர்ப்பைப் புற்றும் இருந்திருக்கிறது. கறுப்பு அதை உண்டாக்கியது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஒருவேளை இரண்டும் தற்செயலாக ஒரே வீட்டில் குடியிருந்திருக்கலாம். ஆனால் கறுப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உள்ள சிவப்புக் கட்டியைத் தவற விட்டால் யாருக்கு நஷ்டம்?

இரண்டு, மெலனோசிஸ் இருந்த சிறுநீர்ப்பையில் மெலனோமா எழுந்ததாக 1991-இல் ஒரு பதிவு வந்திருக்கிறது. ஒற்றைப் பதிவை வைத்துச் சட்டம் போட முடியாது. அதற்காக அதைக் கண்டும் காணாமல் இருக்கவும் முடியாது.

மூன்று, சிறுநீர்ப்பையில் தென்படும் மெலனோமா பெரும்பாலும் வேறிடத்தில் பிறந்து அங்கே வந்து சேர்ந்தது. அங்கேயே பிறப்பது மிக மிக அபூர்வம். ஆகவே சந்தேகம் இருக்கும்போது நோயாளியைத் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். நம் நாட்டவருக்கு மெலனோமா வந்தால் உள்ளங்கால், நகத்தடி போன்ற இடங்களில் வருவது சகஜம். செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கண்ணைப் பாருங்கள், மலவாயைப் பாருங்கள். "முன்பு ஏதாவது மச்சத்தை வெட்டி எடுத்ததுண்டா?" என்று கேளுங்கள். இத்தனைக்கும் பைசாச் செலவில்லை.

இவற்றையெல்லாம் செய்து, மெலனோசிஸ் மட்டுமே என்று உறுதியானால் சிகிச்சை எதுவும் வேண்டாம். சுரண்டி எடுக்கவும் வேண்டாம், கருக்கவும் வேண்டாம். அவ்வப்போது சிஸ்டோஸ்கோப் போட்டுப் பார்த்துவந்தால் போதும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி கிடையாது. நோயாளியின் வயது, புகைப் பழக்கம், கூட இருக்கும் மற்ற தொந்தரவுகள் இவற்றைப் பார்த்து வைத்தியரே முடிவு செய்ய வேண்டும்.

சில வேண்டுகோள்கள்

அறுவைச் சிகிச்சை செய்யும் நண்பர்களே, உங்களிடம் ஒரு பழைய வழக்கைக் கொண்டுவருகிறேன். பயாப்ஸிக்கு வருகிற படிவத்தில் நாங்கள் என்ன பார்க்கிறோம்? 'சிறுநீர்ப்பைத் துணுக்கு' என்று இரண்டே வார்த்தை. அதிலும் ஒன்று படிக்க முடியாது! கறுப்பாக இருந்தது, தட்டையாக இருந்தது, இத்தனை இடத்தில் இருந்தது, முன்பு அங்கே ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறது அல்லது நடக்கவில்லை என்று நான்கு வரி எழுதினால் உங்கள் பேனா மை தீர்ந்துவிடாது. நீங்கள் உயிருள்ள உறுப்பைப் பார்த்தீர்கள். எங்களுக்கு வருவது மிளகளவு துணுக்கு. உங்கள் கண் கண்டதும் எங்கள் மைக்ராஸ்கோப் கண்டதும் சேர்ந்தால்தான் ஒரு முழுப் பதில் கிடைக்கும். கறுப்பான இடத்தில் மட்டும் எடுக்காமல், சாதாரணமாகத் தெரியும் இடத்திலும் சந்தேகமான மற்ற இடத்திலும் ஒவ்வொரு துணுக்கு எடுத்து, தனித்தனி பாட்டிலில், எந்த இடம் என்று எழுதி அனுப்புங்கள்.

பேத்தாலஜி நண்பர்களே, நமக்கும் ஒரு சொல். அபூர்வமானது கிடைத்தால் சந்தோஷப்படுகிறோம். கட்டுரை எழுதலாம் என்று கை பரபரக்கிறது. எழுதுங்கள், நல்லதுதான். ஆனால் அதற்கு முன் டெலிபோனை எடுத்துச் சிகிச்சை செய்கிற டாக்டரிடம் நேரடியாகப் பேசுங்கள். 'நிறமி படிந்த புண்' என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதினால் ஒருவர் அதைச் சாதாரணம் என்று படிப்பார், இன்னொருவர் மெலனோமா என்று படிப்பார். "மெலனின்தான், கெட்ட செல் இல்லை, இன்னின்ன சோதனை செய்தோம், தொடர்ந்து பார்த்துவரவும்" என்று மனிதருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் "சந்தேகம்" என்றே எழுதி, மெழுகுக் கட்டியை அனுபவமுள்ள இன்னொரு மையத்துக்கு அனுப்புங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

நோயாளியிடம் ரிப்போர்ட்டின் நகலைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெரியவர் நாளைக்கே மகள் வீட்டுக்கு வேறு ஊர் போவார். அங்கே வேறொரு டாக்டர் வேறொரு காரணத்துக்காக உள்ளே பார்ப்பார். கறுப்பைக் கண்டு அவர் திடுக்கிடுவார். குடும்பம் மறுபடியும் ஒரு மாதம் தூங்காது. கையில் ஒரு காகிதம் இருந்தால் இத்தனையும் தேவையில்லை. "இதைப் பத்திரமா வச்சுக்குங்க ஐயா, எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல காட்டுங்க" என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது.

டாக்டர் அல்லாத சகோதர சகோதரிகளே, இந்த அபூர்வ நோயின் பெயரை நீங்கள் இன்றே மறந்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், ஒரே தடவை வந்து நின்றுவிட்டாலும், "உடம்புச் சூடு" என்று இளநீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். போய்க் காட்டுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இன்னும் சீக்கிரம் போங்கள். சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் புகையிலைதான் பெரிய காரணம், வலியில்லாத ரத்தம்தான் பல பேருக்கு முதல் அறிகுறி. சீக்கிரம் கண்டுபிடித்தால் பல பேருக்குக் குழாய் வழியாகவே எடுத்துவிட முடியும், பையையும் காப்பாற்றிவிடலாம். உள்ளே கறுப்பாக ஏதோ இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், "பயாப்ஸி ரிசல்ட் எப்போ வரும் சார்?" என்று கேளுங்கள். அது வருவதற்கு முன் ஜோசியரிடம் போக வேண்டாம், நிலத்தையும் விற்க வேண்டாம்.

மாணவர்களே, கடைசியாக உங்களிடம். இந்தத் தலைமுறைக்கு வசதிகள் அதிகம். எந்த நோயின் படத்தையும் நொடியில் பார்த்துவிடலாம். ஆனால் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது வேறு, நோயை அறிவது வேறு. நான் சொன்ன சோதனைகளில் பாதி நூறு வருஷத்துக்கு முந்தையவை: 1867-இன் நீலம், 1914-இன் வெள்ளி, அப்புறம் பெர்மாங்கனேட். அவற்றை நம் மாவட்ட மருத்துவமனை லேபிலேயே செய்ய முடியும். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று கையைப் பிசைய வேண்டாம். இருக்கிற சாயத்தை ஒழுங்காகப் போட்டு, கூடவே சரியான கன்ட்ரோல் ஸ்லைடும் வைத்து, வரிசையாக யோசித்தால் பாதி தூரம் தாண்டிவிடலாம். மீதிக்கு உதவி கேட்கலாம்.

நம் ஊரில் மச்சம் உள்ளவனை அதிர்ஷ்டசாலி என்பார்கள். சிறுநீர்ப்பைக்குள் இப்படிக் கறுப்பு உள்ளவன் அதிர்ஷ்டசாலியா இல்லையா என்பது அவன் உடம்பைப் பொறுத்தது மட்டுமல்ல. அவனைப் பார்க்கிற டாக்டர் அரண்டவரா, நிதானமானவரா என்பதையும் பொறுத்தது. இந்தக் கல்லூரியிலிருந்து வெளியே போகிற ஒவ்வொருவரும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சாப்பாட்டு வாசனை இங்கே வரை வருகிறது.